மாடிக்குச் சுவர், தலைக்குக் கவசம்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



புது வண்டி வாங்கினால் அதை மந்திரிக்கக் கோவிலுக்குக் கொண்டுவருவது நம் வழக்கம். வண்டிக்கு மாலை போட்டிருக்கும். ஹேண்டில்பாரில் செபமாலை தொங்கும். குடும்பமே உடன் வந்து நிற்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞருடைய வண்டிக்கு நான் அப்படித்தான் செபித்துத் தீர்த்தம் தெளித்தேன். எட்டு மாதம் கழித்து, அதே கோவிலில் அவருக்கு அடக்கத் திருப்பலி நிறைவேற்றினேன். பால் வாங்கப் பக்கத்துத் தெருவுக்குப் போனவர். தலைக்கவசம் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. "கை கால்ல ஒரு கீறல்கூட இல்ல சாமி, தலையில மட்டும்தான்" என்று அவருடைய தாய் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று வண்டியை மந்திரித்த நான், 'தலைக்கவசம் எங்கே தம்பி?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குறை என்னுடையது.

'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்கிறோம். உண்மைதான். ஆனால் இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் யாராவது விழுந்து இறந்தால் அந்தப் பழி அவன் வீட்டின்மேல் வரும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. விழுகிறவனைத் தாங்கக் கடவுளுக்கு வல்லமை இல்லையா? இருக்கிறது. இருந்தும் சுவரை நீ கட்டு என்கிறார். நம் ஆண்டவரும் கோவில் உச்சியில் சோதிக்கப்பட்டபோது, வானதூதர்கள் தாங்குவார்கள் என்று குதித்துவிடவில்லை. கடவுளை நம்புவது வேறு, சோதிப்பது வேறு.

தலைக்கவசத்தின் அருமையை உலகமும் சாவுகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது. 1935இல் இங்கிலாந்தில், 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், சைக்கிளில் சென்ற இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமலிருக்க மோட்டார் சைக்கிளைத் திருப்பிக் கீழே விழுந்தார். தலையில் அடிபட்டு ஆறு நாளில் இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களைப் பற்றிய தம் ஆய்வை அவர் 1941இல் வெளியிட்டார். அதே ஆண்டில் பிரித்தானிய இராணுவம், செய்தி கொண்டுசெல்லும் தன் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது.

கவசம் செய்வது என்ன? வெளி ஓடு, அடி ஓரிடத்தில் இறங்காமல் பரவச் செய்கிறது. உள்ளே தெர்மோகோல் போன்ற பகுதி நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. அது நசுங்குவதால் நாம் பிழைக்கிறோம். நமக்காக நொறுக்கப்பட்ட ஆண்டவரை வணங்கும் நமக்கு இது புரியாத காரியமல்ல. தலைக்காய ஆபத்தைக் கவசம் ஏறத்தாழ 69 விழுக்காடும், இறக்கும் ஆபத்தை 42 விழுக்காடும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் தாடைக்குக் கீழே வாரைப் பூட்ட வேண்டும். பூட்டாத கவசம் நமக்கு முன்பே கழன்று உருண்டுவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மறுபடி அணியாதீர்கள்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழகத்தில் தலைக்கவசம் கட்டாயமானது. இன்றும் நம்மில் பலர் போலீஸ் நிற்கும் முனை வந்தால் மாட்டுகிறோம், தாண்டியதும் கழற்றிக் கண்ணாடியில் தொங்கவிடுகிறோம். அபராதத்துக்குக் காட்டும் மரியாதையை ஆண்டவர் தந்த உயிருக்குக் காட்டுவதில்லை. திருப்பலிக்கு வரும்போதும் பார்க்கிறேன்: அப்பா கவசம் அணிந்திருக்கிறார், பின்னால் அம்மா வெறுந்தலை, பெட்ரோல் டேங்க்மேல் பிள்ளை வெறுந்தலை. அவர்கள் தலை மட்டும் இரும்பாலானதா? பின்னால் அமர்கிறவருக்கும், நான்கு வயதைக் கடந்த பிள்ளைக்கும் சட்டமே கவசம் கேட்கிறது. அன்பு அதற்கு முன்பே கேட்க வேண்டாமா?

இப்போதெல்லாம் வண்டி மந்திரிக்க வருகிறவர்களிடம், தலைக்கவசங்களையும் கொண்டுவாருங்கள் என்கிறேன். ஓட்டுகிறவருக்கு ஒன்று, பின்னால் அமர்கிறவருக்கு ஒன்று. முதலில் அவற்றின்மேல்தான் தீர்த்தம் தெளிக்கிறேன்.

பால் வாங்கப் போனாலும், பூசைக்கு வந்தாலும், வண்டிச் சாவியை எடுக்கும் கை கவசத்தையும் எடுக்கட்டும். ஒரு சிலுவை அடையாளம் போட்டு, வாரைப் பூட்டிப் புறப்படுங்கள். வீட்டு வாசலில் உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார். இறைவன் உங்கள் போக்கையும் வரவையும் காப்பாராக. ஆமென்.