மனச்சோர்வு மாத்திரையும் முதியோர் வீழ்ச்சியும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மேடையில் மாத்திரையைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் வியக்கக்கூடும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நாற்று நட்டும் களையெடுத்தும் பெற்ற கூலியிலிருந்து இக்கழகத்திற்குச் சந்தா செலுத்திய தாய்தந்தையர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்கள் தந்த காசில் படித்தவர்கள் நாம். இன்று அவர்கள் கையில் இருப்பது மருத்துவமனைச் சீட்டு. அச்சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவர் அவ்வீட்டில் நம்மையன்றி வேறெவரும் இலர். ஆகவே இத்தலைப்பு கல்விக்குப் புறம்பானதன்று.

முதுமையில் வரும் மனச்சோர்வை நம் குடும்பங்கள் நோயாகக் கருதுவதில்லை. உணவு வேண்டாம் என்பதும், விடியுமுன் விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடப்பதும், பேரப்பிள்ளையிடங்கூடப் பேச்சைக் குறைத்துக்கொள்வதும் “வயதானால் அப்படித்தான்” என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. அது நோய், மருந்தால் தணியக்கூடிய நோய். இதை முதலில் சொல்லிவிடுகிறோம். பின்னர் நாம் சொல்லப்போவதைக் கேட்டு எவரும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாகாது.

இம்மருந்துகளின் வரலாறு நெடியதன்று. 1950-களின் நடுவில் சுவிட்சர்லாந்து நாட்டின் மூன்ஸ்டெர்லிங்கென் என்னும் சிற்றூரில், ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் கெய்கி நிறுவனம் தந்த ஒரு வேதிப்பொருளை மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்நோய்க்கு அது பயன்படவில்லை. ஆழ்ந்த சோர்வில் கிடந்தோர்க்குக் கொடுத்தபோதோ அவர்கள் மெல்ல எழுந்து பேசத் தொடங்கினர். 1957-இல் அவர் அதனை வெளியிட்டார். இமிப்ரமின் என்பது அதன் பெயர். (அம்மருத்துவமனையில் முறையான ஒப்புதல் பெறாமலே பல மருந்துகள் நோயாளிகள்மீது சோதிக்கப்பட்டன என்பதை 2019-இல் வெளியான வரலாற்றாய்வு காட்டிற்று. ஏழையின் உடல்மீதே பலகாலும் சோதனை நடந்திருக்கிறது என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.) அடுத்துவந்த அமிட்ரிப்டிலின் இன்றளவும் நம் மருந்துக் கடைகளில் உள்ளது. 1987-இன் இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃப்ளூவாக்சடினும், அதன் இனத்தைச் சேர்ந்த செர்ட்ராலின், எசிட்டலோப்ராம் ஆகியவையும் புதியவை.

பழைய மருந்துகள் முதியோரைத் தள்ளாடச் செய்கின்றன என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தியே. புதியவை அப்பழியிலிருந்து தப்பும் என்றுதான் மருத்துவ உலகம் எதிர்பார்த்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்த 2,428 பேரை ஆராய்ந்து 1998-இல் வெளியிடப்பட்ட ஆய்வு அவ்வெதிர்பார்ப்பைத் தகர்த்தது. மருந்து உண்ணாதவர் ஒருமுறை விழும் காலத்தில் பழைய மருந்து உண்டவர் ஏறத்தாழ இருமுறை விழுந்தனர். புதிய மருந்து உண்டவர் 1.8 முறை விழுந்தனர். இவ்விரண்டிற்கும் இடையே பெரிய வேறுபாடு என்ன இருக்கிறது? அளவு கூடக்கூட வீழ்ச்சியும் கூடிற்று.

சோர்வுற்றவர் மருந்தின்றியும் விழுவர் அல்லவா என்று இங்கே ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மனச்சோர்வு கொண்டவர் சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை. காலை இழுத்து நடக்கின்றனர். ஆகவே வீழ்ச்சி முழுவதையும் மாத்திரையின் தலையில் ஏற்றுவது முறையன்று. இதை மனத்திற்கொண்டே இங்கிலாந்து நாட்டவர், மனச்சோர்வு என்று கண்டறியப்பட்ட முதியோரை மட்டும், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 60,746 பேரை, எடுத்துக்கொண்டு, மருந்துண்ட காலத்தையும் உண்ணாத காலத்தையும் ஒப்பிட்டனர். 2011-இல் வெளியான அவ்வாய்வில் புதிய இனத்து மருந்துகளை உண்டபோது வீழ்ச்சி 66 விழுக்காடும், பழைய இனத்தை உண்டபோது 30 விழுக்காடும் மிகுந்திருந்தது. பழையவை பெரும்பாலும் சிறிய அளவிலேயே கொடுக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். நோயின் பங்கை இவ்வகை ஆய்வால் முழுதும் பிரித்தெடுத்துவிட முடியாதெனினும், கணக்கை ஒதுக்கிவிடவும் இயலாது.

அவ்வாய்வின் வேறொரு முடிவே நமக்கு மிகவும் வேண்டியது. பல கேடுகள் மருந்தைத் தொடங்கிய முதல் 28 நாட்களிலும், மருந்தை நிறுத்திய பின் வரும் 28 நாட்களிலும் மிகுதியாக இருந்தன. தொடங்கும் மாதமும் நிறுத்தும் மாதமுமே கண்காணிக்க வேண்டிய மாதங்கள் என்பதை இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்கிறோம்.

மாத்திரை ஒருவரை எவ்வாறு கீழே தள்ளுகிறது? நாம் படுத்திருந்து எழும்போது குருதி கால்களை நோக்கி இறங்கும். உடனே குருதிக் குழாய்கள் இறுகி அதனை மூளைக்கு அனுப்பும். இமிப்ரமின், அமிட்ரிப்டிலின் போன்றவை இவ்விறுக்கத்தைத் தளர்த்திவிடுகின்றன. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்த முதியவர்க்குக் கண் இருட்டுகிறது. அத்துடன் இவை உறக்கத்தை மிகுவிக்கும். பார்வையை மங்கச் செய்யும். சிலருக்கு அறிவையும் சற்றே குழப்பும். புதிய மருந்துகள் வேறு வழியில் வருகின்றன. அவை உடலில் நீரைத் தேக்கிச் சோடியம் என்னும் உப்பைக் குறைக்கக்கூடும். இது பெரும்பாலும் முதல் சில வாரங்களில், முதிய பெண்களிடத்தில், அதிலும் குருதியழுத்தத்திற்காக நீர் பிரியும் மாத்திரை உண்போரிடத்தில் நேர்கிறது. தலை கனக்கும், நடை தடுமாறும், பேச்சு பிசகும். “கிழவிக்குப் புத்தி மாறிவிட்டது” என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவர். ஓர் எளிய குருதிச் சோதனை உண்மையைச் சொல்லிவிடும். இம்மருந்துகளை நெடுநாள் உண்போரிடம் எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதையும் ஆய்வுகள் கண்டுள்ளன. விழுவதும் மிகுந்து, விழுந்தால் முறிவதும் மிகுந்தால் என்னாவது?

முறிவு என்பது சிறிய சொல். இடுப்பெலும்பு முறிந்த முதியோருள் ஐவரில் ஒருவரேனும் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர் என்பது வசதி மிகுந்த மேலைநாடுகளின் கணக்கு. உலகெங்கும் ஆண்டுதோறும் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர் என்றும், அவர்களுள் 80 விழுக்காட்டினர்க்கு மேல் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் குறித்தது. கூலிக் குடும்பத்தில் முதியவர் படுத்துவிட்டால் மருமகளோ மகளோ வேலைக்குப் போவது நின்றுவிடும். பல வீடுகளில் பேத்தியின் படிப்பும் அத்துடன் நின்றுவிடுகிறது. வீழ்ச்சி கல்விக் கழகத்தின் கவலையாவது இந்த இடத்தில்தான்.

நம் பகுதிகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மனச்சோர்வு மருந்தை உண்பவர் பலர், தாம் அதனை உண்பதாகவே அறியார். சர்க்கரை நோயால் உள்ளங்கால் எரிகிறது என்று சொன்னால் இரவுக்கு அமிட்ரிப்டிலின் எழுதித் தருவது வழக்கம். அது அந்த எரிச்சலுக்கு உரிய மருந்தே, தவறான மருந்தன்று. வீட்டில் அதற்கு “நரம்பு மாத்திரை” என்று பெயர். அதனுடன் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, எப்போதோ கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை ஆகிய அனைத்தும் ஒரே மஞ்சள் பையில் கிடக்கும். ஒரு மருத்துவர் எழுதியதை மற்றொருவர் பார்ப்பதில்லை. தனித்தனியே தீங்கற்றவை ஒன்றுசேர்ந்து இரவு இரண்டு மணிக்கு வாசற்படியில் ஆளை வீழ்த்துகின்றன. கழிப்பிடம் வீட்டிற்குப் புறத்தே, விளக்கின்றி, மேடு பள்ளமான தரையைத் தாண்டி இருக்குமாயின் மாத்திரையை மட்டும் குறை சொல்வதும் பொருந்தாது.

1991-இல் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் முதியோர்க்கு ஆகாத மருந்துகளின் பட்டியல் ஒன்றை வகுத்தார். பின்னர் அந்நாட்டு முதியோர் மருத்துவச் சங்கம் அதனைத் திருத்தி வெளியிட்டு வருகிறது. முன்பே விழுந்தவர்க்கும் எலும்பு முறிந்தவர்க்கும், வேறு தக்க வழி இருக்குமாயின் இம்மருந்துகளைத் தவிர்க்குமாறு அதன் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு கூறுகிறது. “வேறு தக்க வழி இருக்குமாயின்” என்பதை அழுத்திப் படியுங்கள். உணவை மறுத்து, உயிரை வெறுத்துக் கிடக்கும் முதியவருக்கு மருந்து தராதிருப்பதே பெருந்தீங்காகலாம்.

நிறுத்துவதும் எளிதன்று. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் ஜான் கேம்பெல் என்ற மருத்துவரும் அவர் துணைவரும், தூக்க மருந்தும் மனநல மருந்தும் உண்ட 93 முதியோரிடையே, சிலர்க்கு மருந்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தனர். 1999-இல் வெளியான முடிவின்படி அவர்களிடையே வீழ்ச்சி 66 விழுக்காடு குறைந்தது. மகிழத்தக்க செய்திதான். ஆயின் ஆய்வு முடிந்த ஒரு திங்களுக்குள், முற்றிலும் மருந்தின்றி இருந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மீண்டும் மருந்திற்கே திரும்பிவிட்டனர். வீட்டில் நாமாகவே ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றலும் நடுக்கமும் வரும், நோயும் திரும்பும், அந்த 28 நாள் இடர் வேறு. குறைப்பது மருத்துவர் சொற்படியே நிகழவேண்டும். அதே குழுவினர் வகுத்த, கால் தசைகளை வலுப்படுத்தி நிலைதடுமாறாமல் நிற்கப் பழக்கும் வீட்டுப் பயிற்சி, மாத்திரையைத் தொடாமலே வீழ்ச்சியைக் குறைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு செய்யக்கூடிய பயிற்சி அது, காசு வேண்டுவதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். 2021-இல் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கிய பின், வீட்டிலேயே குருதியழுத்தம் பார்க்கும் வழக்கம் நம் தெருக்களுக்கும் வந்தது. ஆனால் பெரும்பாலும் உட்காரவைத்தே பார்க்கின்றனர். எழும்போது இறங்கும் அழுத்தம் அதில் தெரியாது. முதியவரை ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறையும், எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மீண்டும் பார்க்குமாறு கேளுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதைத் தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். புதிய மாத்திரை தொடங்கிய தேதியையும், விழுந்த தேதியையும் அதே தாளில் குறித்து வையுங்கள். விழப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்ட நாளையும் விட்டுவிடாதீர்கள். “இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளுக்கு?” என்று மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள். கேட்பது அவமதிப்பன்று.

இவ்வமர்வு முடிந்தபின், பள்ளிக் கட்டடத்தின் மேற்கு வகுப்பறையில் ஒரு கட்டிலும் குருதியழுத்தக் கருவியும் வைத்திருக்கிறோம். முதியோர் தம் மாத்திரைகள் அனைத்தையும், நின்றுபோனவை உட்பட, பையோடு கொண்டுவந்தால் சீட்டோடு ஒப்பிட்டுத் தமிழில் எழுதித் தருவோம். நடக்க இயலாதவர் வீட்டின் அடையாளத்தைச் சொல்லிச் செல்லுங்கள்; மாலையில் நாமே வருகிறோம்.