உள்ளே போனது எப்படித் தெரியும்?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பசுங்கணிகத்துக்குச் சொந்த டி.என்.ஏ. உண்டு, ரைபோசோம் உண்டு என்று நடத்துகிறோம். பிள்ளைகளும் அதைத் தன்னிறைவு பெற்ற உறுப்பு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதிலுள்ள ஏறத்தாழ 3,000 வகைப் புரதங்களில் அது தானே தயாரிப்பவை 100-க்கும் குறைவு. மற்றவை உட்கருவின் ஆணைப்படி சைட்டோபிளாசத்தில் உருவாகி, இரண்டு சவ்வுகளைத் தாண்டி உள்ளே வரவேண்டும். ரூபிஸ்கோ நொதியையே பாருங்கள். அதன் 8 பெரிய துணையலகுகள் பசுங்கணிகத்திலேயே உருவாகின்றன. 8 சிறியவை வெளியிலிருந்து வருகின்றன.

“வெளியிலிருந்து வந்ததுன்னு எப்படி சார் தெரியும்?” என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வோம்? புத்தகத்தில் இருக்கிறது என்பது பதிலாகாது.

1978-இல் இங்கிலாந்தில் ஹைஃபீல்டும் எல்லிஸும், அமெரிக்காவில் சுவாவும் ஷ்மிட்டும் இதற்கு விடை தேடினார்கள். பட்டாணி இலையை அரைத்து, மையவிலக்கியில் சுழற்றி, உடையாத பசுங்கணிகங்களைப் பிரித்தார்கள். கோதுமை முளைச்சாற்றில் சிறிய துணையலகைக் கதிரியக்க அடையாளத்துடன் தயாரித்து, அவற்றோடு கலந்தார்கள். பிறகு புரதத்தைச் சிதைக்கும் நொதி. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த நொதியால் சவ்வைத் தாண்ட முடியாது. வெளியே நின்ற புரதம் சிதைந்தது. உள்ளே போனது தப்பித்தது.

தப்பித்த புரதம் முன்பைவிடச் சற்றுக் குட்டையாகவும் இருந்தது. அதன் முனையில் எங்கே போகவேண்டும் என்று காட்டும் ஒரு துண்டு இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் அது வெட்டப்படுகிறது. புரதங்களுக்குள்ளேயே இப்படி முகவரி உண்டு என்று காட்டியதற்காகத்தான் குந்தர் புளோபெல் 1999-இல் நோபல் பரிசு பெற்றார். பசுங்கணிகத்தைப் பொறுத்தவரை, முழுதாக உருவாகி முடிந்த புரதமே உள்ளே நுழைகிறது. அதற்கு ஏ.டி.பி. தேவை. அது கிடைத்தால் இருட்டிலும் நுழையும்.

நம் ஆய்வகத்தில் இதைச் செய்ய முடியாதுதான். ஆனால் கரும்பலகையில் சொல்லலாம். நொதி சேர்த்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, “நொதி கெட்டுப்போயிருந்தாலும் புரதம் தப்பியிருக்குமே?” என்று நான் கேட்பேன். போன ஆண்டு பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி சொன்னாள்: “பசுங்கணிகத்தை உடைச்சுட்டு, அதே நொதியைப் போட்டுப் பார்க்கலாம் சார். அப்பவும் புரதம் அப்படியே இருந்தா நொதிதான் சரியில்ல.”

ஆய்வகங்களில் சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருளைச் சேர்த்து இதையே செய்து பார்க்கிறார்கள். ஒரு பாடவேளை முழுக்க இதற்கே போய்விட்டது. தேர்வில் வராத கேள்வி என்று அடுத்த பெஞ்சில் ஒருவன் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது.