சுருள்களைத் திறக்கச் சொன்னவர்

பண்டைய யூத வரலாற்றை ஆராய்ந்தவர்கள் பலர். அந்த ஆராய்ச்சியின் கதவைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டவர் என்று கேசா வெர்மெஷைச் சொல்லலாம்.

1924இல் ஹங்கேரியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1931இல் குடும்பமே கத்தோலிக்க மதத்தைத் தழுவியது. நாஜிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பெற்றோர் யூத இனப்படுகொலையில் மாண்டார்கள். உயிர் பிழைத்த மகன் பாதிரியாரானார். 1953இல் பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில், சாக்கடல் சுருள்கள் எனப்படும் பண்டைய யூதக் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி ஆய்வேடு எழுதி முனைவர் பட்டம் பெற்றார். 1957இல் அங்கியைக் களைந்து இங்கிலாந்து சென்றார். 1965 முதல் ஆக்ஸ்ஃபோர்டு.

அந்தச் சுருள்கள் கிடைத்த இடம் சாக்கடல் அருகேயுள்ள குமுரான் குகைகள். அவற்றில் நான்காம் குகையில் 1952இல் கிடைத்தவை முழுச் சுருள்கள் அல்ல, ஆயிரக்கணக்கான துணுக்குகள். ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் அவற்றை நீண்ட மேசைகளில் பரப்பி, எழுத்தோடு எழுத்தைப் பொருத்தி, செலோடேப் போட்டு ஒட்டினார்கள்! அந்தப் பசை, எழுத்து இருந்த தோலைக் கறுக்கவைத்தது. பின்னாளில் அதை உரித்தெடுக்கவே நிபுணர்கள் ஆண்டுக்கணக்கில் மெனக்கெட வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய குறை வேறு. ஒரு சிறு குழு அந்தத் துணுக்குகளைத் தன் சொத்துபோல் வைத்துக்கொண்டு, அவற்றை வெளியிடாமல் இழுத்தடித்தது. இப்படியே போனால் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கல்வியுலக ஊழலாக இது முடியும் என்று 1977இலேயே வெர்மெஷ் எச்சரித்தார். 1991இல் கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகம் தன்னிடமிருந்த புகைப்படங்களை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்ட பிறகே தடை உடைந்தது.

1973இல் வெளிவந்த 'இயேசு ஒரு யூதர்' அவருக்குப் புகழும் எதிர்ப்பும் தேடித்தந்தது. ஹனினா பென் தோசா போன்ற கலிலேயப் புனிதர்களின் வரிசையில் இயேசுவை வைத்துப் பார்த்தார். துணிச்சலான வாதம்தான். ஆனால் ஹனினாவைப் பற்றிய கதைகள் ஏட்டில் ஏறியதே வெகுகாலம் கழித்து என்பதால், அந்த ஒப்பீட்டின் அடித்தளம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

ஆட்டம் காணாத பணி ஒன்று உண்டு. யூத வரலாற்றைப் பற்றி எமில் ஷூரர் என்ற ஜெர்மானியர் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய பெருநூலில் தகவல் அபாரம். யூத சமயத்தின் மீதான காழ்ப்பும் அதே அளவு. ஃபெர்கஸ் மில்லர் முதலியோருடன் சேர்ந்து 1973 முதல் 1987 வரை அதைத் திருத்திப் பதிப்பித்தார் வெர்மெஷ். தகவலைப் புதுப்பித்து, காழ்ப்பை மட்டும் களைந்தார்கள்.

2013இல் அவர் மறைந்தார். அவரைப் படிக்க விரும்பும் வாசகர்கள், 1962இல் முதலில் வந்து பலமுறை விரிவுபெற்ற அவருடைய சாக்கடல் சுருள்களின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்கலாம். அதன் முன்னுரையை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.