ஸ்லைடில் ஓடும் படம்

(பாலசமுத்திரத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பிரசன்டேஷன்ல வீடியோ போடலாமா அண்ணா?" என்று காலையில் ஒரு தம்பி கேட்டார். தாராளமாகப் போடுங்கள். எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்து போடுங்கள்.

பக்கத்திலேயே பழனி மலை. 2004-இல் வந்த ரோப் காரைப் பாருங்கள். ஒரு பக்கம் பெட்டிகள் ஏறும்போது மறுபக்கம் பெட்டிகள் இறங்குகின்றன. இறங்கும் பாரம் ஏறும் பாரத்துக்குக் கைகொடுக்கிறது. மோட்டார் சுமப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் உராய்வும்தான். இதை நாலு ஸ்லைடில் எழுதினால் முன்வரிசைக்கே கொட்டாவி வரும். நடுவழியில் பெட்டிகள் ஒன்றையொன்று தாண்டும் 20 விநாடிப் படம் போதும், சட்டென்று புரிந்துவிடும். பாலாறு-பொருந்தலாறு அணையின் கொள்ளளவைச் சொல்ல வீடியோ எதற்கு? ஓர் எண் போதுமே.

படம் ஓடும்போது ஒலியை நிறுத்திவிட்டு நீங்கள் பேசுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். நானும் அப்படி வந்தவன்தான். இன்டர்வியூவில் ஆங்கிலம் தடுமாறும். திரையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால், கையைக் காட்டிச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லிவிடலாம். யூடியூபில் யாரோ கணீரென்று பேசியதை ஓடவிட்டு ஓரமாக நின்றால் உங்களை எப்படி எடைபோடுவார்கள்?

ஒருமுறை வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் நானும் உட்கார்ந்திருந்தேன். களை எடுக்கும் கருவி ஒன்றைச் சொந்தமாகச் செய்த பையன் வந்தான். திரையில் கறுப்புக் கட்டம்தான் தெரிந்தது. பென் டிரைவில் ஸ்லைடு வந்துவிட்டது; வீடியோ வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. கொடுத்த 10 நிமிஷத்தில் பாதி அதிலேயே போயிற்று. அப்புறம் போர்டில் வரைந்து காட்டினான், நன்றாகத்தான் வரைந்தான். ஆனால் கருவி ஓடியதை நாங்கள் பார்க்கவே இல்லை.

பவர்பாயின்ட் 2010-க்கு முந்தைய பதிப்புகளில் வீடியோ எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் பதிவாகும். அதன்பின் வந்தவற்றில் உள்ளேயே பதிக்கலாம். ஆனாலும் 'லிங்க்' செய்யும் வழி இருக்கிறது, செருகும்போது கவனியுங்கள். எம்பி4, எச்.264 என்றால் பெரும்பாலும் எங்கும் ஓடும். போனைப் படுக்கவைத்து எடுங்கள். பழைய விஜிஏ கேபிளில் படம் மட்டுமே வரும், சத்தத்துக்குத் தனி ஒயர் வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று, முக்கியமான மூன்று கட்டங்களை ஸ்டில் படமாக அடுத்த ஸ்லைடில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் லேப்பில்தான் இருப்பேன். பென் டிரைவோடு வாருங்கள், வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிப் பார்த்துவிடுவோம்.