இரு நீருக்கிடையே ஒரு மணற்கரை



மட்டக்களப்பு நகரின் நடுவிலுள்ள புளியந்தீவிலிருந்து கடலை நோக்கிப் புறப்படுபவர் கல்லடிப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். 1924 ஆம் ஆண்டில் அமைந்த பழைய இரும்புப் பாலமும் 2013 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய பாலமும் அங்கே அருகருகே நிற்கின்றன. நிறைமதி இரவுகளில் மீன்கள் பாடுவதாகப் பெயர்பெற்ற நீர் இப்பாலத்தின் அடியிலேதான் இருக்கிறது. ஆயினும் இன்று நான் பேச வந்தது மீனின் பாட்டைப் பற்றியன்று. பாலத்துக்கு அப்பாற் கிடக்கும் மணலைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

எமது வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும், கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும் எமது முன்னோர் வழங்கினர். ஞாயிறு படும் கரை ஒன்று. எழும் கரை மற்றொன்று. இந்த எழுவான்கரை பாறையால் ஆனதன்று. ஆறுகள் கொண்டுவந்த மணலைக் கடலலைகள் கரையோரமாக இழுத்துச் சென்று நீண்ட வரம்பாகக் குவித்தன. அவ்வரம்பினுள் அகப்பட்ட நீரே வாவியாயிற்று. மணல் இல்லையேல் வாவியும் இல்லை. வாவி இல்லையேல் மட்டக்களப்பு என்னும் பெயரும் இல்லை.

இம்மணற்கரை இன்றும் ஓய்ந்திருக்கவில்லை. கோடையிலே கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைக்கிறது. மாரியிலே வாவி பெருகி அவ்வடைப்பை உடைக்கிறது. உடையாதபோது வயல்கள் மூழ்காதிருக்க மனிதர் அதனை வெட்டிவிடுகின்றனர். பாலமீன்மடுவில் 1913 ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் வெளிச்சவீடு இத்திறப்பையும் அடைப்பையும் நூறாண்டுக்கு மேலாகப் பார்த்து வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எட்டாந் தர மாணவர்களைக் கல்லடிக் கடற்கரைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல எண்ணினேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குச் சம்மதக் கடிதம் கொடுத்தனுப்பினேன். பதினேழு கடிதங்கள் கையொப்பமின்றித் திரும்பி வந்தன. காரணம் எழுதப்படவில்லை, எழுத வேண்டியதும் இல்லை. அந்தப் பதினேழு வீடுகளிலும் 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் இன்னும் முடியவில்லை.

அன்று பூரணை தினம், ஞாயிற்றுக்கிழமை. இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோரை ஆழிப்பேரலை கொண்டுசென்றது. கல்லடியும் டச்பாரும் நாவலடியும் சிதைந்தன. நாவலடி, வாவிக்கும் கடலுக்கும் இடையே நிலம் மிகவும் ஒடுங்கும் இடம். அங்கே தப்பியவர்களிற் பலர் பின்னர் திராய்மடுவிற் குடியமர்த்தப்பட்டனர்.

கடிதங்கள் திரும்பிய மறுநாள், திராய்மடுவில் வாழும் மூதாட்டி ஒருவர் பாடசாலைக்கு வந்தார். அவருடைய பேத்தி எமது மாணவி. “அவள் போகட்டும் ஐயா. நானும் கூட வாறன்” என்றார். அச்செய்தி பரவியது. பதினேழில் பதினொரு கடிதங்கள் கையொப்பத்துடன் மீண்டும் வந்தன.

பூங்காவில் பிள்ளைகள் ஊஞ்சலாடினர். கரைவலை இழுப்போரைச் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்த்தனர். பின்னர் அவர்களை மணலில் இருத்தி, புத்தகத்திற் கண்டவாறு பாடம் சொன்னேன். “கடல் திடீரென உள்வாங்கினால் அது ஆழிப்பேரலையின் அறிகுறி, உடனே ஓட வேண்டும்” என்றேன். அப்பொழுது அம்மூதாட்டி மெல்லக் குறுக்கிட்டார். “எங்களுக்குக் கடல் வத்தல்ல ஐயா. நேரே எழும்பித்தான் வந்தது.”

நான் வாயடைத்துப் போனேன். பின்னர் தேடிப் படித்தபோது அவர் கூற்றே சரியென அறிந்தேன். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தபோது, அதன் கீழ்ப்பக்கத்துத் தரை தாழ்ந்தது; மேற்பக்கத்துத் தரை உயர்ந்தது. ஆகவே கிழக்கேயுள்ள தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கிற்று. எமது கீழ்க்கரைக்கோ அலையின் முகடே முதலில் வந்தது. கடல் வற்றும்வரை காத்திருக்கும் பிள்ளை, எமது கரையிலே காத்திருந்தபடியே அழிந்துபோகக்கூடும். என் பாடத்தில் இருந்த பிழை அத்தகையது.

“அப்படியென்றால் எங்கே ஓடுவது?” என்று ஒரு மாணவன் கேட்டான். “வாவிப் பக்கம்” என்றான் வேறொருவன். மூதாட்டி தலையசைத்து மறுத்தார். அன்று அலை மணற்கரையைத் தாண்டி வாவிக்குள்ளும் இறங்கியது. வாவிப் பக்கம் ஓடியவர்களையும் அது விடவில்லை என்றார். ஏனைய ஊர்களிலே கடலுக்கு எதிர்ப்பக்கம் நிலம் இருக்கும். எழுவான்கரையிலோ இரு பக்கமும் நீர். மேல்மாடியுள்ள உறுதியான கட்டடம், அல்லது பாலம்: இவையே வழி.

அன்று திரும்பும்போது நாங்கள் வாகனத்தில் ஏறவில்லை. கடற்கரையிலிருந்து பாலம்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. 2004 இல் நிலநடுக்கத்துக்கும் அலை வந்ததற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. நேரம் இருந்தது, சொல்வார்தாம் இல்லை. 2012 சித்திரை 11 ஆம் நாள் மீண்டும் சுமாத்திராவுக்கு அப்பால் பெருநிலநடுக்கம் நேர்ந்தபோது எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் விலகிச் சென்றனர். பேரலை வரவில்லை. வீணாக ஓடினோமே என்று சிலர் சலித்துக்கொண்டனர். வீணாக ஓடக் கிடைத்தது நற்பேறென்றே நான் சொல்வேன்.

மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூங்காவின் ஓரத்திலே அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருந்தன. காற்றில் ஓடும் மணலை இவை பற்றி நிறுத்தி மேடாக்குகின்றன. அம்மேடே சாதாரணப் புயலலைகளுக்கு முதற் காவல். அன்றைய பேரலையை இக்கொடிகள் தடுத்திருக்கும் என்று சொல்வது பொய்; ஆனால் ஆண்டுதோறும் மாரிக் கடல் அரிக்கும் கரையைக் காப்பதில் இவற்றுக்குப் பங்குண்டு. அவற்றை மிதித்து, மணலை அள்ளி, வெற்றுப் போத்தல்களை அவற்றின்மேல் எறிந்து வருகிறோம். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழி எமக்குத் தெரியும், கொடியைத்தான் மறந்தோம்.

எழுவான்கரையிலுள்ள ஒவ்வொரு பாடசாலையும் ஆண்டுக்கொரு நாள் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லட்டும். அவர்கள் விளையாடட்டும். பின்னர் பாலம்வரையோ, அருகிலுள்ள உயர்ந்த கட்டடம்வரையோ நடந்து நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். அந்த ஊரில் அன்று தப்பியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆசிரியருக்கும் அவரிடம் கற்க வேண்டிய பாடம் இருக்கும்.

புறப்படுமுன் அம்மூதாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அலைகரைக்குச் சென்றார். கணுக்கால் நனையும் வரை நின்றார். அவரை நாங்கள் அவசரப்படுத்தவில்லை.