வகுப்பறையிலிருந்து சட்டக் கல்லூரிக்கு



1925 நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் கொடுக்கவில்லை. பெரியார் வெளியேறினார். நூறாண்டு கழித்துக் கணக்குப் பார்ப்போம். 2018 தொடங்கி 2023 ஜூலை வரை உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட நீதிபதிகள் 604 பேர். அதில் பட்டியல் சாதியினர் 18 பேர், பழங்குடியினர் 9 பேர். ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன எண்கள் இவை. அந்த நாற்காலிக்குப் போகும் பாதை சட்டக் கல்லூரி வாசலில் தொடங்குகிறது. அந்த வாசலுக்கு வெளியே நிற்கும் ஒருவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த இளம் ஆசிரியை அவர். இந்த ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறார். மாலையில் விடைத்தாள் திருத்துகிறார், இரவில் அரசமைப்புச் சட்டம் படிக்கிறார். "கையில டீச்சர் வேலை இருக்கே, எதுக்கும்மா வக்கீல் படிப்பு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

அவருடைய வகுப்பறையில்தான் பதில் இருக்கிறது. முதல் பாடவேளையிலேயே ஒரு பிள்ளை தூங்கி விழுகிறது. விசாரித்தால், வீட்டில் தறி, தறிக்கு வாங்கிய முன்பணம் இன்னும் அடையவில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமோ, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்கிறது. தறியே வீட்டுக்குள் இருக்கும் ஊரில், எதுவரை உதவி, எங்கிருந்து கடனுக்கு உழைப்பு? அந்தப் பிள்ளையையும் தெரிந்து சட்டத்தையும் தெரிந்த ஒருவர்தான் இதைப் பிரித்துக் காட்ட முடியும்.

அண்ணல் அம்பேத்கரும் இப்படி ஆசிரியராக இருந்தவர்தான். 1918 முதல் 1920 வரை பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சாகு மகராஜ் உதவியோடும் நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய் கடனோடும் லண்டன் போனார். பாதியில் விட்ட படிப்பைத் தொடர்ந்து 1922-இல் பாரிஸ்டர் ஆனார். 1927-இல் மகாத் குளத்தில் தண்ணீர் எடுக்க மக்களைத் திரட்டினார். எதிர்த் தரப்பு வழக்குப் போட்டது. பத்தாண்டு நடந்த அந்த வழக்கில் 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. குளத்தில் இறங்க மக்கள் வேண்டியிருந்தது. அந்த உரிமையைக் காக்கச் சட்டம் படித்தவர் வேண்டியிருந்தது.

நம் ஆசிரியைக்கு எது தடை? தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பட்டப் படிப்பு மதிப்பெண் போதும். சேர்ந்த பிறகுதான் சிக்கல். இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிப்படி வாரம் 30 மணி நேரம் கல்லூரி, வருகைப் பதிவு 70 விழுக்காடு. வேலையில் இருந்துகொண்டு இதை முடிக்க வழியே இல்லை. வேலையை விட்டால் வீட்டு வாடகை? 2022-இல் அரசுப் பள்ளித் தற்காலிகப் பட்டதாரி ஆசிரியருக்கு அரசு அறிவித்த சம்பளமே மாதம் 10,000 ரூபாய். அதில் மூன்றாண்டுக்கு எதைச் சேமிப்பது?

வகுப்புக்கு வராமல் பட்டம் வாங்கட்டும் என்று நான் சொல்லவில்லை. சட்டப் படிப்புக்குத் தரம் வேண்டும். உழைக்கிறவர்களுக்கு ஏற்ற நேரத்தில் அதே தரத்தோடு வகுப்பு நடத்துங்கள், முதல் தலைமுறை மாணவர்களுக்கு மூன்றாண்டும் வாழ்க்கைப்படி கொடுங்கள் என்கிறேன்.

நடக்குமா என்று கேட்பீர்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்ய மாநில பார் கவுன்சில்கள் பல்லாயிரக்கணக்கில் கட்டணம் வாங்கின. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேலும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்றது. யாரோ வழக்குப் போட்டதால்தான் அந்தச் சுவர் இடிந்தது.

அரசும் பார் கவுன்சிலும் அசையும் வரை நாம் செய்ய வேண்டியதும் உண்டு. இந்த அரங்கில் சட்டம் முடித்த தோழர்கள் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒருவரைப் பொறுப்பெடுங்கள். புத்தகம் கொடுங்கள், தமிழில் குறிப்பு எழுதிக் கொடுங்கள், கட்டணம் கட்ட நாலு பேராகச் சேருங்கள். அம்பேத்கருக்கு ஒரு பதேனா இருந்தார். காஞ்சிபுரத்து டீச்சருக்கு நாம் இருப்போம்.