வலம்வரும் வழியில் பெண்கள் வரலாறு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திருவண்ணாமலைத் திருக்கோயிலின் வட கோபுரத்தை அம்மணி அம்மன் கோபுரம் என்றே ஊர் அழைக்கிறது. வேங்கிக்காலிலிருந்து கோயிலுக்குச் சென்ற ஒருநாள், அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்த மூதாட்டியிடம் பெயர்க்காரணம் கேட்டேன். "வீடு வீடாப் போயி காசு கேட்டு, நின்னுபோன கோபுரத்தை முடிச்ச அம்மா" என்றார். இவ்வூர்த் தலபுராணங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவள் நான். என் ஆய்வேட்டில் அவ்வம்மையாருக்கு ஒரு வரியும் இல்லை. புராணத்தில் இல்லாதவரை நான் தேடவில்லை. அக்குறையை ஒப்புக்கொண்டே இவ்வேண்டுகோளை வைக்கிறேன்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1989-இல் பள்ளி ஆசிரியர்களும் நூலகர்களும் மாணவர்களும் கூடி, பெண்களின் வரலாறு சொல்லும் நடைவழியை உருவாக்கினர். நாம் புதுவழி வகுக்க வேண்டுவதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இருக்கிறது. செங்கத்தை அடுத்த சென்னசமுத்திரத்தில் பிறந்த அம்மணி அம்மாளின் கோபுரத்தில் தொடங்கலாம். கணவரையும் மக்களையும் இழந்து வந்து, ரமணருக்கு நாள்தோறும் உணவளித்த எச்சம்மாளை விரூபாட்ச குகையருகே நினைக்கலாம். 1922-இல் மறைந்த ரமணரின் அன்னை அழகம்மாளின் சமாதிமேல் மாத்ருபூதேசுவரர் ஆலயம் நிற்கிறது. அங்கே சிறிது அமரலாம்.

ஆதாரம் எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வியே. அம்மணி அம்மாள் அளித்த திருநீறு கூலிக் காசாயிற்று என்பது செவிவழிச் செய்தி. பலகையில் அவ்வாறே குறிப்போம். கல்வெட்டு, நூல், வாய்மொழி மூன்றையும் கலவாது எழுதுவோம். வாய்மொழி என்பதற்காக ஒன்றையும் தள்ளிவிடவும் வேண்டாம். பெண்களின் வரலாறு பெரிதும் அங்கேதான் தங்கியிருக்கிறது; சொல்வோர் மறைந்தால் அதுவும் மறையும்.

மண் சுமந்தவர், நாற்று நட்டவர், பிள்ளைப்பேறு பார்த்தவர் பெயர்களை எந்தக் கல்லும் தாங்கவில்லை. ஆகவே, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவின் மூதாட்டி ஒருவரிடம் அமர்ந்து, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதி, சொன்னவர் பெயரும் நாளும் குறித்துத் தாருங்கள். கவிஞர்களே, அழகுபடுத்தாதீர்கள், கவிதை பிறகு வரட்டும்.

அம்மணி அம்மாள் வீடுதோறும் சென்று காசு கேட்டார். நாம் வீடுதோறும் சென்று நினைவைக் கேட்போம். பத்தாண்டு கண்ட வட்டம் இவ்வூருக்குச் செலுத்த வேண்டிய கடன் இது. முதல் ஏட்டை நானே தருகிறேன். பூக்கட்டும் அந்த மூதாட்டியிடமிருந்து தொடங்குகிறேன்.